பச்சைக் கேட் வீடு

அந்தப் புறநகரில் வீடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அவளைச் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அது வங்கிக்குத் தெரிந்தால் போதும் என்று அவளே விட்டுவிட்டாள். கைப்பையின் பட்டையில் ஒரு பெரிய வளையம், அதில் பத்துப் பன்னிரண்டு சாவிகள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் வீட்டுக்கு வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக வீட்டுத் தரகு பார்க்கிறாள். நூறு குடும்பங்களுக்கு மேல் சொந்த வீட்டில் குடியேற்றியவள், தான் மட்டும் தன் தரகுக் கடைக்கு மேலேயே வாடகைக்கு இருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "நல்ல வீடா வந்தா நமக்கே எடுத்துக்கலாம்னுதான் பாக்கறேன். அதுக்குள்ள நானே வித்துத் தொலைச்சிடறேனே!" என்பாள்.

வீடு காட்டுவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் ஹால். அங்கே வந்தவர்களை எப்படியாவது உட்கார வைத்துவிட வேண்டும். உட்கார்ந்தவர் பாதி வாங்கியாயிற்று என்பது அவள் கட்சி. பிறகு படுக்கையறை, மொட்டை மாடி, தோட்டம். சமையலறை கடைசி. ஈரம், கரப்பான், ஒழுகுகிற குழாய் என்று வீட்டின் வண்டவாளம் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதனால் வாசற்படியிலேயே நின்று, "இது கிச்சன், தண்ணி நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். எந்தச் சமையலறையிலும் அவள் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல நின்றதில்லை. தன் வீட்டிலும் இதே கதைதான். அங்கே சமையல் அவள் கணவர் பொறுப்பு.

இந்த முறையெல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, கடைத்தெருவில் நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று வரும் வரைக்கும். வீடு வாங்க விற்க என்றே ஒரு கம்பெனி. போனதும் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கிறார்கள், சுவர் அளவு திரையில் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார்கள். ஏழு மாதமாகச் சாவியக்காவுக்கு ஒரு வீடு முடியவில்லை. உண்மையைச் சொன்னால், வளையத்தில் இப்போது உயிருள்ள சாவி ஒன்றே ஒன்றுதான். மிச்சமெல்லாம் பழைய பூட்டுகளின் சாவிகள். சத்தத்துக்காக வைத்திருக்கிறாள்.

அந்த ஒரு சாவியும் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் அவளுடையது. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு நர்ஸின் வீடு அது. "ஆறு மணி வரைக்கும் பாருங்கக்கா. அதுக்கப்புறம் கண்ணாடிக் கட்டடத்துக்காரங்ககிட்ட குடுத்துடறேன். தப்பா நினைச்சுக்காதீங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். அந்தக் கம்பெனியின் மேனேஜரும் சாவியக்காவுக்கு ஒரு வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். முன் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிற வேலை. காலர் வைத்த சட்டை, சட்டையில் பெயர் அட்டை. இந்த வீடு முடியவில்லையென்றால் கடையைச் சாத்திவிட்டு அங்கே போய்ச் சேருவதாக அவளும் வாக்குக் கொடுத்திருந்தாள். நர்ஸ் சொன்ன அதே சனிக்கிழமை ஆறு மணியையே மேனேஜருக்கும் கெடுவாகச் சொன்னது அவள்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் தங்கையின் போன் வந்தது. தங்கையின் கணவர் புதிதாக வாஷிங் மெஷின் வாங்கினாராம். அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, துணி துவைத்து முடியும் வரை ஒன்றேகால் மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, முடிவுதான் சரியில்ல" என்றாராம். சாவியக்கா ஹாலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சமையலறையிலிருந்து அவள் கணவரின் குரல் வந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்குக் குரல் பெரிது. "என்ன? என்ன சொல்றா உன் தங்கச்சி?"

"ஒண்ணுமில்ல, நீங்க அடுப்பைப் பாருங்க."

அவரும் அடுப்பைப் பார்த்தார்.

வீடு பார்க்க வரப்போகிறவர்கள் ரொட்டிக்கடைக்காரர் குடும்பம். அவர், அவர் மனைவி, பன்னிரண்டு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பெண்கள். இதற்கு முன்பு சாவியக்கா அவர்களுக்குப் பதினேழு வீடு காட்டியிருந்தாள். ரொட்டிக்கடைக்காரருக்குப் பதினேழும் பிடித்தது. மனுஷர் எதையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிற ரகம். அவர் மனைவி, தையல் வேலை செய்கிறவள், பதினேழுக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "வேண்டாம்க்கா." ஏன் வேண்டாம் என்று கேட்டால் விழிப்பாள். வெளிச்சம் இருக்கிறது, காற்று வருகிறது, பள்ளிக்கூடம் பக்கம், விலையும் கையைக் கடிக்கவில்லை. ஆனாலும் வேண்டாம். சாவியக்கா தன் நோட்டில் அவளுக்கு 'வேண்டாம் அம்மா' என்றே பெயர் எழுதி வைத்திருந்தாள். எழுதும்போது கொஞ்சம் அழுத்தித்தான் எழுதினாள்.

நர்ஸின் வீடு இருந்த தெருவில் மொத்தம் நாற்பது வீடுகள், ஒரே அச்சில் வார்த்தவை. கட்டினவர் எந்த வீடு முதலில் விற்றதோ அதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு என்று எண் போட்டுவிட்டார். அதனால் மூன்றாம் நம்பருக்குப் பக்கத்தில் இருபத்தொன்பது இருக்கும், அதற்குப் பக்கத்தில் பதினொன்று. தபால்காரர் கூட அங்கே நம்பரைப் பார்ப்பதில்லை. 'செம்பருத்தி வீடு', 'நாய் வீடு', 'உடைந்த படி வீடு' என்று அடையாளம் வைத்துத்தான் எல்லாரும் பிழைப்பை ஓட்டினார்கள். நர்ஸும் அடையாளம்தான் சொன்னாள். பச்சைக் கேட். சாமான்கள் உள்ளேயே இருக்கின்றன, தங்கை அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வாள் என்றும் சொல்லியிருந்தாள்.

வழக்கமாகச் சாவியக்கா முதல் நாளே போய் வீட்டைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, தூசி தட்டிவிட்டு வருவாள். இந்தத் தடவை சாவி கூரியரில் வந்து சேர்ந்ததே அன்று மத்தியானம்தான். அதனால் அவள் வீட்டைப் பார்க்கவில்லை. ஆனால் ரொட்டிக்கடைக்காரரிடம், "நான் அணு அணுவா பாத்துட்டேன் தம்பி. தங்கமான வீடு" என்று அடித்து விட்டிருந்தாள்.

நாலரை மணிக்குப் பச்சைக் கேட்டைத் திறந்துகொண்டு ஐந்து பேரும் உள்ளே போனார்கள். சாவி கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத் திறந்தது. ஹால் பளிச்சென்று இருந்தது. நர்ஸின் தங்கை கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டே சாவியக்கா ரொட்டிக்கடைக்காரரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அக்கா, இந்த டீ சூடா இருக்கே" என்றாள் பெரிய பெண், மேசை மேல் இருந்த கோப்பையைத் தொட்டுப் பார்த்து.

"வீட்டைப் பாத்துக்கறவங்க இப்பத்தான் வந்துட்டுப் போயிருப்பாங்க."

"தண்ணி ஓடுற சத்தம் கேக்குதே" என்றாள் சின்னவள்.

"கேக்குதுல்ல? எவ்வளவு வேகமா வருது பாரு! இந்தத் தெருவுல தண்ணிப் பஞ்சமே கிடையாது."

வாய்ச் சாமர்த்தியத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. ஆனால் திரும்பிப் பார்த்தபோது வேண்டாம் அம்மாவைக் காணவில்லை. முறைப்படி கடைசியில் காட்ட வேண்டிய சமையலறைக்குள் அவள் முதல் ஆளாகப் போய் நின்றிருந்தாள்.

ஆனால் அந்தச் சமையலறை வேறு மாதிரி இருந்தது. அடுப்பு மேடைக்கு எதிரே இருக்க வேண்டிய சுவரில் பாதி இல்லை. மேடையின் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரை அகலமாகத் திறந்து, விளிம்பில் வழவழவென்று ஒரு பலகை பதித்திருந்தது. அடுப்படியில் நிற்கிறவளுக்கு ஹால் முழுக்கத் தெரிந்தது. ஹாலைத் தாண்டி வாசல் கதவு, கதவைத் தாண்டிப் பச்சைக் கேட். வேண்டாம் அம்மா அந்தப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, அசையாமல் நின்றாள்.

இந்தப் பக்கம் ரொட்டிக்கடைக்காரர் பெண்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஒருத்தர் வந்து, ரொட்டி புதுசான்னு கேட்டார். இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்தேன், தொட்டுப் பாருங்க சார்னேன். தொட்டார். ஐயோ சுடுது, நேத்து ரொட்டி இருந்தா குடுன்னுட்டார்!"

பெண்கள் சிரித்தார்கள். கூடவே அந்தத் திறப்பிலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. பதினேழு வீட்டில் ஒரு தடவை கூடப் பல்லைக் காட்டாத வேண்டாம் அம்மா, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வியாபாரம் முடிந்தது, பெயர் அட்டைக்குத் தப்பித்தோம் என்று சாவியக்கா நினைத்த அந்த நொடியில் குளியலறைக் கதவு திறந்தது.

தலையில் துண்டு சுற்றிக்கொண்டு ஒரு பெண்மணி வெளியே வந்தாள். ஹாலில் இருந்த நாலு பேரையும், சமையலறையில் இருந்த ஒருத்தியையும் வரிசையாகப் பார்த்தாள்.

சாவியக்கா சமாளித்துக்கொண்டாள். "வாங்க வாங்க. நர்ஸம்மாவோட தங்கச்சிதானே நீங்க?"

"எனக்கு அக்காவே கிடையாது" என்றாள் அந்தப் பெண்மணி. "நீங்கல்லாம் யாரு? என் வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?"

"வீடு பாக்க வந்திருக்கோம். விக்கிற வீடுன்னு…"

"விக்கிற வீடா!" அந்தப் பெண்மணியின் முகம் மாறியது. யாருக்கும் பதில் சொல்லாமல் போனை எடுத்தாள். "ஏங்க! துணி காயப்போடக் கொடி கட்டித் தரச் சொல்லி நாலு தடவை கேட்டதுக்கு, இந்த வீட்டையே வித்துடறேன்னு காலையில கோவத்துல சொன்னீங்க. சரி, கோவம்னு விட்டேன். நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆளையே அனுப்பிட்டீங்களா?"

அவள் கணவர் கொத்தனார். இரண்டு தெரு தள்ளித்தான் வேலை. ஐந்தே நிமிடத்தில் கையில் சிமெண்ட் காயாமல் ஓடிவந்தார். வந்தவர் மனைவியைச் சமாதானம் செய்வதா, வந்தவர்களை விசாரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்து, இரண்டையும் குழப்பினார். கடைசியில் சாவியக்காதான் நர்ஸ், பச்சைக் கேட் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னாள்.

"அட, அது பக்கத்து வீடு!" என்றார் கொத்தனார். "நர்ஸம்மா ஊருக்குப் போறப்ப மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட்டை எங்ககிட்ட குடுத்துட்டுப் போனாங்க. வீணாப் போகுதேன்னு போன வாரம் நம்ம கேட்டுக்கும் அடிச்சேன்."

"சரி, சாவி எப்படித் திறந்துச்சு?"

கொத்தனார் அசடு வழிந்தார். "இந்த நாப்பது வீட்டையும் கட்டினதுல நானும் ஒருத்தன். பூட்டும் நான்தான் மாட்டினேன். முதலாளி மலிவா கிடைக்குதுன்னு மூட்டையா வாங்கிட்டு வந்தார். நாப்பது பூட்டுக்கும் சேத்து மூணு வகைச் சாவிதான். என் வீட்டுல என்ன இருக்கு, கரணையும் சுத்தியலும்னு நானும் மாத்தல."

"வெளியில சொல்லிடாதீங்க" என்றாள் அவர் மனைவி. "தெருவே தூங்காது."

சாவியக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பெரிய பெண் வேறு, "அணு அணுவா பாத்துட்டேன்னு சொன்னீங்களே அக்கா" என்று நினைவுபடுத்தினாள். பிள்ளைகளுக்கு எது மறந்தாலும் இது மறக்காது. "பாக்கல கண்ணு. பொய் சொன்னேன்" என்று சாவியக்கா ஒப்புக்கொண்டாள். மணி ஐந்து ஐந்து. கிளம்பலாம் என்று எல்லாரும் எழுந்தார்கள். ஒருத்தி மட்டும் எழவில்லை. எழவில்லை என்ன, அவள் உட்காரவே இல்லையே. இன்னும் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"இந்த வீடு என்ன விலை?" என்று கேட்டாள் வேண்டாம் அம்மா.

"அம்மா, இது விக்கிற வீடு இல்லம்மா" என்றார் கொத்தனார்.

"தெரியுது. சும்மா கேட்டேன்." குரல் கம்மியது. ரொட்டிக்கடைக்காரர் பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினார். அவள் அவரைப் பார்க்காமல் சாவியக்காவைப் பார்த்துச் சொன்னாள். "பதினேழு வீட்டுலயும் எனக்கு என்ன பிடிக்கலன்னு எனக்கே தெரியலக்கா. இங்க வந்து நின்னப்புறம்தான் தெரிஞ்சுது. பதிமூணு வருஷமா நான் சுவரைப் பாத்துக்கிட்டுத்தான் சமைக்கிறேன். அந்தப் பக்கம் இவங்க மூணு பேரும் சிரிப்பாங்க. சிரிக்கிறது கேக்கும், எதுக்குன்னு கேக்காது. என்ன, என்னன்னு கத்துவேன். இவரு வந்து சொல்லுவாரு. நல்ல மனுஷன், தவறாம வந்து சொல்லுவாரு. ஆனா எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் அதைத் திருப்பிச் சொன்னா சிரிப்பு வராதுக்கா. இவரு மனசு நோகக் கூடாதேன்னு சும்மா பல்லைக் காட்டிட்டு, மறுபடி சுவரைப் பாப்பேன்."

"உனக்கு என் ஜோக்கே பிடிக்காதுன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் ரொட்டிக்கடைக்காரர் மெதுவாக.

காலையில் தன் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்த பெரிய குரல் சாவியக்காவுக்கு ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை வீட்டுச் சமையலறையை வாசற்படியில் நின்றே முடித்திருக்கிறோம் என்றும் தோன்றியது. அந்தச் சுவரை எந்த வீட்டிலும் அவள் ஒரு சுவராகவே பார்த்ததில்லை.

கொத்தனாரின் மனைவி துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்டிக்கொண்டே கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "கேட்டீங்களா? நாப்பது பொம்பளைங்களைச் சுவரைப் பாக்க வெச்ச புண்ணியவான் நீங்கதான். நான் ஒருத்தி கத்தினதால என் சுவர் மட்டும் போச்சு."

"வரைபடத்துல அப்படித்தானேம்மா இருந்துச்சு" என்றார் அவர். பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "ஆமா, பக்கத்து வீட்டுலயும் அதே சுவர்தானே? அது தடுப்புச் சுவர். மேல இருக்கிற பாரம் எதுவும் அதுல இறங்கல. எனக்கு ரெண்டு நாள் வேலை."

யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை. சுத்தியலும் உளியுமாக அவர் முன்னால் நடக்க, மற்ற ஆறு பேரும் பின்னால் போனார்கள். பக்கத்து வீட்டுப் பச்சைக் கேட், அதே சாவி, அதே முரண்டு. உள்ளே தூசியும் மூடிக் கிடந்த வாசனையும் இருந்தன. எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் அந்த நிலையில் சாவியக்கா யாருக்கும் காட்டியிருக்க மாட்டாள். கொத்தனார் ஹாலில் நின்று சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். சாக்பீஸால் பெரிய கட்டம் ஒன்று போட்டார். "இவ்வளவும் திறந்துடலாம்" என்றார்.

வேண்டாம் அம்மா சமையலறைக்குப் போய் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றாள். அவள் பக்கத்தில் வெறும் சுவர்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றாள் அங்கிருந்து. குரல் மட்டும் மங்கலாகக் கேட்டது. ரொட்டிக்கடைக்காரர், "என்ன? என்ன சொல்றே?" என்று கத்தினார். கத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். இவ்வளவு காலம் அவள் கத்தியதைத்தான் இன்று தான் கத்துகிறோம் என்று அவருக்கே உறைத்தது.

"ஒரு செங்கல் எடுத்துக் காட்டறேன்" என்று கொத்தனார் உளியை வைத்தார்.

"ஐயோ அண்ணே, இருங்க!" சாவியக்கா அவர் கையைப் பிடித்தாள். விற்காத வீட்டுச் சுவரை இடிப்பதாவது! மணி ஐந்தே முக்கால். நர்ஸுக்குப் போன் போட்டு, தவறான வீட்டுக்குப் போனது முதல் எல்லாவற்றையும் கொட்டினாள். மறைக்க நேரமில்லை, ஆசையும் இல்லை.

"எந்தச் சுவர்? அடுப்புக்கு எதிர்ல இருக்கறதா?" என்றாள் நர்ஸ். "பன்னெண்டு வருஷம் அதைப் பாத்துக்கிட்டுத்தான்க்கா சமைச்சேன். பக்கத்து வீட்டுல அவரு இடிச்ச அன்னிக்கே நானும் கேட்டிருக்கணும். தாராளமா எடுங்க. என் பேருக்கும் ஒரு செங்கல் சேத்து எடுக்கச் சொல்லுங்க."

கொத்தனார் சாந்தைச் சுரண்டி, பக்குவமாகத் தட்டி, ஆட்டி, ஒரு செங்கலை உருவினார். பிறகு நர்ஸ் பெயருக்கு இன்னொன்று. சுவரின் நடுவில் ஒரு முகம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அந்தப் பக்கம் வேண்டாம் அம்மாவின் கண்ணும் மூக்கும் தெரிந்தன. மூக்கு நுனியில் செங்கல் தூள்.

ரொட்டிக்கடைக்காரர் ஒரு செங்கலைக் கையில் வாங்கினார். எடை பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நகத்தால் தட்டிப் பார்த்தார். "அட," என்றார், "இது நான் போன வாரம் சுட்டதாச்சே!"

முதலில் சிரித்தது அந்த ஓட்டைதான். பெண்கள் இரண்டு பேரும் அதற்குப் பின்னால்தான் ஆரம்பித்தார்கள். கொத்தனாரும் அவர் மனைவியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் காலி வீட்டில் சிரிப்பு எதிரொலித்தது. வேண்டாம் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசியாலும் இருக்கலாம், சாவியக்கா அப்படி நினைக்கவில்லை.

"வேணும்க்கா" என்றாள் அவள், ஓட்டை வழியாக.

"அம்மா வேணும்னு சொல்லிட்டாங்க!" என்று சின்னவள் தெருவுக்கே ஓடிப்போய்க் கத்தினாள். சாவியக்கா நோட்டை எடுத்தாள். வேண்டாம் அம்மா என்று இருந்ததை அடித்துவிட்டு எழுத நினைத்து, அவள் நிஜப் பெயர் என்ன என்று இத்தனை நாளில் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்து, ஓட்டைக்குப் பக்கத்தில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஆறு மணிக்குக் கண்ணாடிக் கட்டடத்து மேனேஜர் போன் செய்தார். "சட்டை அளவு சொன்னீங்கன்னா தைக்கக் குடுத்துடலாம்" என்றார். "வேண்டாம் சார், எனக்குக் காலர் வெச்சா கழுத்து உறுத்தும்" என்றாள் சாவியக்கா, வாயெல்லாம் பல்லாக. அந்த வீட்டின் சாவியை வளையத்திலிருந்து கழற்றி ரொட்டிக்கடைக்காரர் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, "பத்திரம் பதியற வரைக்கும் வீடு நர்ஸம்மாவோடது. பதிஞ்சதும் முதல்ல பூட்டை மாத்துங்க" என்று காதோடு சொன்னாள்.

வீடு திரும்பியபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. படியேறுகிற சாவிச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெரிய குரல் வந்தது. "என்ன ஆச்சு? முடிஞ்சுதா?"

மற்ற நாளாக இருந்தால் ஹாலில் பையை வீசிவிட்டு, அப்புறம் சொல்றேன் என்று சாய்ந்திருப்பாள். வாடகை வீட்டுச் சுவரை இடிக்கவும் முடியாது. சாவியக்கா ஹாலில் இருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

"என்ன, பசிக்குதா? இன்னும் பத்து நிமிஷம் ஆகும்."

"பசியில்ல. முடிஞ்சுது, எல்லாம் சொல்றேன். நீங்க கிண்டுங்க, நான் இங்கயே உக்காந்துக்கறேன்." அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சமையலறை இவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தெரியாது. "அதுக்கு முன்னாடி, காலையில என் தங்கச்சி என்ன சொன்னான்னு கேட்டீங்களே. அவ வீட்டுக்காரர் புது வாஷிங் மெஷின் வாங்கினாராம். அதுக்கு எதிர்ல நாற்காலியைப் போட்டு உக்காந்து, ஒண்ணேகால் மணி நேரம் பாத்துட்டு, முடிவுதான் சரியில்லன்னாராம்."

அவர் சிரித்தார். அடுப்பைத் தணித்துவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய குரல் முழுவதும் போட்டுச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "உன் தங்கச்சி மத்தியானமே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா" என்றார்.

"அப்புறம் எதுக்கு இப்படிச் சிரிக்கிறீங்க?"

"நீ உள்ள வந்து சொல்றியே" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு கரண்டியை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தார். சாவியக்கா ஸ்டூலை இன்னும் கொஞ்சம் அடுப்புப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, பச்சைக் கேட்டிலிருந்து ஆரம்பித்தாள்.